பெருங்காயம் மணந்த மாந்தோப்பு

தெய்வானை அக்கா டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஊசிப்போன பண்டத்தைத் தலையில் கட்டப் பார்த்த ஆளைப் பார்ப்பது போல இருந்தது அது.

"ஏனுங் தம்பி, இது வெறுந் தண்ணியாட்டம் இருக்குதுங்களே."

கார்த்திகை மாதக் கடைசி. முதலமடையில் அந்த நேரத்தில் மாமரங்களில் இலை தெரியாது, பூதான் தெரியும். கடையின் ஷட்டரைத் தூக்கி அரை மணி நேரத்துக்குள் மேஜைமேல் மஞ்சளாகப் பூந்தூள் படிந்துவிடும். நான் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, தண்ணி இல்லை, நல்ல மருந்துதான் என்று சொன்னேன். அக்கா நம்பவில்லை. நம்பாததோடு நிற்காமல் மூடியை என் பக்கம் நீட்டி, நீங்களே மோந்து பாருங்கள் என்றார்.

நானும் வாங்கி மோந்து பார்த்தேன். தலையையும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குள் ஒரு பெரிய மோசடி இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வார அத்தியாயம்.

தொடரை நடுவில் பிரித்தவர்களுக்கு ஒரு வரி. நான் கேரளத்து முதலமடையில், தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் கோவிந்தாபுரம் ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவன். முப்பது வருடமாக அதே கடை, அதே மர ஸ்டூல். ஊரில் என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. சென்ற வாரம் கடைக்குப் பெயர் வைத்த கதையைப் படித்துவிட்டு, இவ்வளவு பெருமை ஆகாது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இந்த வாரம் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

ஊட்டு மரம்

தெய்வானை அக்காவுக்கு அறுபத்தைந்து மாமரங்கள். எங்கள் பக்கத்தில் தோப்புக்காரர்கள் காய் பறிப்பதில்லை. மரம் பூப்பதற்கு முன்பே வியாபாரிகளிடம் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அதன்பின் மருந்தடிப்பதும் பறிப்பதும் வியாபாரி பாடு. எப்போது அடித்தாய், எதை அடித்தாய் என்று தோப்புக்காரர் கேட்க முடியாது. கேட்டாலும் பதில் வராது.

ஆனால் ஒவ்வொரு தோப்பிலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம் மட்டும் குத்தகைக் கணக்கில் சேராது. அதற்கு 'ஊட்டு மரம்', அதாவது வீட்டு மரம் என்று பெயர். அதில் யாரும் மருந்து அடிக்கமாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகள் தின்பது அந்த மரத்துப் பழம்தான். பேரன் பேத்தி தோப்புப் பக்கம் போய்க் காயைத் தொட்டால், தோப்புக்காரரே ஓடிப்போய்ப் பிடுங்கி எறிவார். நாடெல்லாம் தின்னட்டும் என்று லாரி லாரியாக அனுப்பும் காயைத் தன் பிள்ளை தின்னக்கூடாது. இது எங்கள் ஊரில் யாருக்கும் வினோதமாகப் பட்டதில்லை. எனக்கும்தான் பட்டதில்லை. என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு ஊட்டு மரம் இருக்கிறது.

தெய்வானை அக்காவுக்குத்தான் ஒரு நாள் அது பட்டது. பேத்தியின் கையிலிருந்து மாங்காயைப் பிடுங்கியபோது அந்தக் குழந்தை, அப்படியென்றால் இதை யார் தின்பார்கள் என்று கேட்டிருக்கிறது. அந்த வருடம் குத்தகையை நிறுத்தினார். கொச்சியில் ஒரு கம்பெனியைப் பிடித்தார். காயைச் சோதனைச் சாலையில் பரிசோதித்து, மருந்து மிச்சம் இல்லாவிட்டால்தான் அவர்கள் லோடு எடுப்பார்கள். திருப்பூரில் இருந்த இரண்டு மகன்களும், ஒரே ஒரு வருடம் பார்க்கலாம், ஆகாவிட்டால் மறுபடியும் குத்தகைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு வருடத்தில்தான் தத்துப்பூச்சி வந்தது. பூவில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. மரத்தடியில் நடந்தால் இலையிலிருந்து இலைக்குத் தாவும் சத்தம் தூறல் போலக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட தோப்புக்காரருக்குத் தூக்கம் போய்விடும். விட்டால் பூ கருகும், காய் பிடிக்காது. கண்டதை அடித்தால் பூச்சி போகும், கொச்சிச் சோதனையில் லோடும் போகும்.

ஆகவே அக்கா விவசாய ஆபீசுக்குப் போய், ஆபீசர் ஷைனி மேடத்திடம் சீட்டு வாங்கி வந்திருந்தார். ஆபீஸ் பாஷையில் அதற்குக் குறிப்படி என்று பேர். டாக்டர் சீட்டு மாதிரிதான். எந்த மருந்து, எத்தனை மில்லி, எப்போது அடிக்க வேண்டும், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். சீட்டு இல்லாமல் நான் விற்கக்கூடாது. சீட்டில் இல்லாததையும் விற்கக்கூடாது. சீட்டில் எழுதியிருந்தது வாசமே இல்லாத ஒரு புது மருந்து.

"எல்லையத் தாண்டுனா நல்லாக் காரமான சாமான் கெடைக்குமுங்களாம். சீட்டும் கேக்கறதில்லீங்களாம்" என்றார் அக்கா, மூடியைத் திரும்ப மூடிக்கொண்டே.

எங்கள் கடையிலிருந்து தமிழ்நாட்டு எல்லை, மொபெட்டில் போனால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடும். சாயங்காலம் வரைக்கும் பொறுங்கள் அக்கா என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினேன்.

சிவப்பு என்றால் முதல் தரம்

அக்காவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதலமடையில் மருந்தின் வீரியத்தை மூக்கால்தான் அளப்பார்கள். மூடியைத் திறந்ததும் தலை பின்னால் போக வேண்டும், கண்ணில் நீர் கட்ட வேண்டும். அதுதான் மருந்து. நான் கடை வைத்த புதிதில் பஸ்சிலிருந்து இறங்கும்போதே, இன்றைக்கு எந்தத் தோப்பில் அடிக்கிறார்கள் என்று காற்றை வைத்துச் சொல்லிவிடலாம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

டப்பா ஒவ்வொன்றின் மேலும் ஒரு முக்கோணம் அச்சடித்திருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், பச்சை என்றால் இருப்பதில் சாது. மக்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று டில்லியில் யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. எங்கள் ஊரில் அதைத் தலைகீழாகப் படித்தார்கள். சிவப்பு முதல் தரம், பச்சை கடைசித் தரம். "பச்சையெல்லாம் எதுக்குங் டாக்டர், செவப்பாப் பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தவன்தான்.

கொடுத்ததோடு விட்டேனா? ஒன்று போதாது என்று இரண்டு மூன்றைக் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். 'டாக்டர் கூட்டு' என்று அதற்குப் பெயரே உண்டு. ஒரு வருடம் பூவெல்லாம் அமோகமாக வந்தும் காய் பிடிக்கவில்லை. தோப்புக்குள் போய் நின்றால் அமைதியாக இருந்தது. தேனீயோ ஈயோ ஒன்றின் சத்தமும் இல்லை. எல்லோரும் மழையைத் திட்டினார்கள். நான் மட்டும் யாரையும் திட்டாமல் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லாமல் மறுநாளும் கடையைத் திறந்தேன், அதுதான் இன்னும் வெட்கம்.

பால் கருகிய காலை

இப்போது மோசடிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு என் மனைவி ரஞ்சிதம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தெருவிலிருந்தே ஓடி வந்தாள். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. நான் மூன்றாம் பக்கத்தில் இருந்தேன்.

அவள் திட்டவில்லை. சாமி படத்துக்குப் போட்டிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து வந்து என் மூக்கடியில் பிடித்தாள். தெரிகிறதா என்றாள். ஒன்றும் தெரியவில்லை. மல்லிகை, காப்பி, மழை பெய்த மண் எல்லாம் என்னை விட்டு எப்போதோ போயிருந்தன. எப்போது போயின என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

பாலக்காட்டில் மூக்கு டாக்டரிடம் போனோம். காரணம் பலவாக இருக்கலாம் என்று அவர் எழுதிக்கொண்டே சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்குள் சொல்லவும் இல்லை. மூக்கை நம்பி வரும் ஊரில், மூக்கு செத்த டாக்டரிடம் யார் வருவார்கள்? தோப்புக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்க்கும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். முகம் சுளித்தால், நெம்பக் காரமான சாமான் என்பேன். சுளிக்காவிட்டால், இது கொஞ்சம் சாது என்பேன். நாலைந்து வருடம் இப்படியே ஓட்டினேன். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

தெய்வானை அக்கா மூடியை மோந்துவிட்டுப் போன அன்று மதியம், சாப்பிடும்போது ரஞ்சிதத்திடம் விஷயத்தைச் சொன்னேன். வாசம் இல்லை என்பதற்காக எல்லையைத் தாண்டிப் போய் எதையாவது வாங்கி அடித்துவிட்டால், அந்த அம்மாளின் ஒரு வருடம் பாழ் என்று புலம்பினேன். ரஞ்சிதம் ரசத்தை ஊற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு வாசந்தானுங்க வேணும்? வாசத்தக் குடுத்துடுங்க" என்றவள், அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த கட்டிப் பெருங்காய டப்பாவை என் முன்னால் நகர்த்தினாள்.

தோப்பில் கல்யாணச் சமையல்

பெருங்காயத்தை எவ்வளவு இடிப்பது என்பதில்தான் தவறு நடந்தது. சாதாரண மனிதன் என்றால் இரண்டு துண்டு இடித்ததுமே போதும் என்று வைத்துவிடுவான். எனக்கு எது போதும் என்று எப்படித் தெரியும்? டப்பாவில் இருந்ததை முழுக்க இடித்தேன். காகிதத்தில் மடித்து, பச்சை முக்கோண டப்பாவோடு சேர்த்து, இதையும் கரைத்து டேங்கில் ஊற்றச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் கொடுத்தேன். அக்கா பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். தலை பின்னால் போனது. முகம் மலர்ந்தது.

சீட்டில் எழுதியபடி, வெயில் தாழ்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு மருந்தடித்தார்கள். அடித்தவன் மணியன். எங்கள் பக்கத்தில் பாதித் தோப்புக்கு அவன்தான் மருந்தடிக்கிறவன். முகமூடி போட மறுக்கிறவன், அன்றைக்குத் தானாகவே துண்டை மூக்கில் கட்டிக்கொண்டானாம். ஊரே கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு மாதிரி மணந்தது என்றார்கள். யார் வீட்டில் சாம்பார் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்களாம். நான் எல்லாவற்றையும் கேள்விப்பட்டதோடு சரி.

நாலு நாளில் தத்துப்பூச்சி அடங்கிவிட்டது. அடக்கியது வாசமில்லாத மருந்து. பேர் வாங்கியது பெருங்காயம்.

அடுத்த வாரமே கடையில் கூட்டம். தெய்வானை அக்காளுக்குக் கொடுத்த அந்தக் காரச் சாமான் எங்களுக்கும் வேண்டும் என்று நின்றார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். ஆபீசிலிருந்து பச்சை மருந்துக்குச் சீட்டு வாங்கி வந்தால்தான் கூடவே அதுவும் கிடைக்கும் என்றேன். அதுவரை ஷைனி மேடம் வருந்தி அழைத்தும் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் ரசத்துக்குப் பெருங்காயம் இல்லை.

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு தலைக்கேறிவிட்டது. உள்ளே ஒரு பொய் இருக்கிறது என்பதை மறந்தே போனேன்.

சுக்குக் காப்பி

ஒரு முற்பகலில் ஷைனி மேடத்தின் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. தொடுபுழைக்காரி, எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடத்தில் தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசக் கற்றுக்கொண்டவர். அன்று முகத்தில் சிரிப்பு இல்லை. சீட்டில் இல்லாத ஏதோ ஒரு சாமானை, லேபிள்கூட இல்லாமல், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கொண்டுவந்து நான் விற்பதாகப் புகார் வந்திருக்கிறது. நிஜமாக இருந்தால் அன்றைக்கே லைசென்ஸ் போய்விடும் என்றார்.

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். மணியன் இருந்தான். தெய்வானை அக்காவும் இருந்தார். தத்துப்பூச்சி மறுபடியும் கொஞ்சம் தலைகாட்டுவதாகச் சொல்ல வந்திருந்தார். அவர் கையில் இன்னொரு பச்சை டப்பா. பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

நான் பதறவில்லை. மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் டாக்டர் பட்டம் விடுமா? எல்லார் முன்னாலும் கம்பீரமாக மேஜைமேல் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். மூக்கருகே கொண்டுபோய் இழுத்தேன். பிறகு மேடத்திடம் நீட்டி, இது கட்டிப் பெருங்காயம், வேறொன்றும் இல்லை, இந்த வாசம் ஒன்றே சாட்சி, இதைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனைச் சாலையும் வேண்டாம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன்.

மணியன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணா, அது சுக்குக் காப்பித் தூளுங்க."

பதினொரு மணிக் காப்பிக்கு என்று ரஞ்சிதம் கொடுத்தனுப்பிய பொட்டலம். பெருங்காயம் பக்கத்திலேயே, அதே காகிதத்தில், அதே நூலில் கட்டி, மேஜைமேல் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரிக்கப் பார்த்தேன். மேடம் சிரிக்கவில்லை. தூளை வாங்கி மோந்தார். பெருங்காயத்தையும் எடுத்து மோந்தார். அந்த நெடியில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீரோடு என்னையே பார்த்தார்.

"சேட்டனுக்கு மணம் கிட்டறதில்லே. அல்லே?" என்றார், மெதுவாக.

பொய் சொல்ல நிறைய வழி இருந்தது. ஜலதோஷம் என்றிருக்கலாம். ஆனால் தெய்வானை அக்கா திறந்த மூடியோடு நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"நாலஞ்சு வருசமா ஒண்ணுந் தெரியலைங்க மேடம். மல்லிப்பூவுந் தெரியாது, மருந்துந் தெரியாது. ஊட்ல பாலு கருகுனாக்கூடத் தெரியாதுங்க."

சிரிப்பு நின்றது. அக்கா என்னைப் பார்த்து, அப்படியானால் இத்தனை நாள் மோந்து பார்த்து மோந்து பார்த்துச் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டார். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் அக்கா என்றேன். எதனால் இப்படி ஆயிற்று என்று பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார். நான் சுற்றிலும் இருந்த அலமாரிகளைப் பார்த்தேன். எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள்.

அக்கா கையிலிருந்த டப்பாவை மூடி, மேஜைமேல் வைத்தார். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேடம் லைசென்சில் கை வைக்கவில்லை. ஆனால் நடந்ததையெல்லாம் எழுதி வாங்கினார். நான் தமிழில் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'முழு டப்பாவையும் இடித்தேன்' என்ற இடத்தில் மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். போகும்போது சொன்னார்: "சீட்டுல எழுதாத்தது ஒண்ணும் டேங்க்ல போடக்கூடாது. பெருங்காயமானாலும் போடக்கூடாது, கேட்டோ."

எல்லை வரைக்கும் போன மொபெட்

மறுநாள் காலை தெய்வானை அக்காவின் மொபெட் என் கடையைத் தாண்டி, கோவிந்தாபுரம் பக்கமாகப் போனது. முன்னால் ஒரு மஞ்சப்பை. அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாம் முடிந்தது போலத் தோன்றியது. பொய்யன் பேச்சை நம்பி எதற்குப் பச்சை மருந்து என்று, எல்லைக்கு அந்தப் பக்கம் போகிறார். காரமான சாமானை வாங்கி வந்து அடித்துவிடுவார். மாசியில் கொச்சிக்காரர்கள் லோடு வேண்டாம் என்பார்கள். அடுத்த வருடம் மறுபடி குத்தகை. எல்லாம் என் மூக்கால், இல்லாத என் மூக்கால். அன்று காலை சரக்கு கேட்டு வந்த இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன்.

வெயில் ஏறிய பிறகு மொபெட் திரும்பி வந்து கடை வாசலில் நின்றது. மஞ்சப்பை காலியாக மடித்து வைத்திருந்தது. அக்கா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

விஷயம் நான் நினைத்ததற்கு நேர்மாறு. முதன்முதலில் டப்பாவை மோந்து குறை சொன்னவரை நான் சாயங்காலம் வரை பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேனே, அன்றைக்கே அக்கா பொறுக்கவில்லை. நேராக எல்லையைத் தாண்டிப் போய், காரமான டப்பா ஒன்றை வாங்கி வந்து மோட்டார் ரூமில் ஒளித்து வைத்துவிட்டார். என் பெருங்காயம் கேட்கவில்லை என்றால் அதை அடிப்பதாக யோசனை. இரண்டாம் முறை பூச்சி தலைகாட்டியதும் அதை எடுத்துத் துடைத்துக்கூட வைத்திருக்கிறார்.

"அதத்தானுங் இப்பத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன். மூடி தெறக்கலீங்க" என்றார். "நேத்து ராத்திரிப் பூராவும் உங்க மூக்கத்தானுங் நெனச்சிட்டிருந்தேன்."

என் மூக்கை நினைத்து ஒரு பெண் ராத்திரி தூங்காமல் இருந்தது அதுவே முதல் முறை என்று ரஞ்சிதம் பிற்பாடு சொன்னாள்.

இரண்டாம் முறைக்கு ஷைனி மேடமே தோப்புக்கு வந்தார். மரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்து, கிளையை உலுக்கச் சொல்லி, விழுந்த பூச்சிகளை உட்கார்ந்து எண்ணினார். ஒரு மரம் இரண்டு மரம் இல்லை, பத்து மரம். அந்த எண்ணிக்கைக்கு மருந்து தேவையில்லை என்று முடிவு செய்து, அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா அந்தச் சீட்டை என் கடைக்குக் கொண்டுவந்தார். சீட்டு என்றால் கடைக்குக் கொண்டுபோக வேண்டியது என்பது அவர் கணக்கு. நான் வாங்கிப் பார்த்தேன். 'இப்போது மருந்து வேண்டாம்' என்று இருந்தது. முப்பது வருடத்தில் அப்படி ஒரு சீட்டை நான் பார்த்ததில்லை. இதற்கு என்ன கொடுப்பது? ஃபிளாஸ்கில் இருந்த சுக்குக் காப்பியில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தச் சீட்டு இன்றும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அதன்பின் மேடம் கூட்டம் போடும்போதெல்லாம் என்னையும் கூப்பிடுகிறார். முக்கோணம், மில்லி, நாள் கணக்கு எல்லாம் அவர் சொல்வார். நான் மூக்குக் கதையைச் சொல்வேன். சுக்குக் காப்பி வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கையிலிருக்கும் டப்பாவை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இப்போதும் எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கடையில் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மணியன் முகமூடி போடுகிறான். கேட்டால், டாக்டர் மூக்கு மாதிரி ஆயிடுமுங்க என்கிறான். ஊருக்கு உபயோகப்படும் மூக்காகிவிட்டது.

வேற ஒண்ணுமில்லை

மாசி பாதியில் ஒரு நாள். கடை வாசலில் ஒரு லாரி வேகம் குறைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பின்னாலேயே தெய்வானை அக்காவின் மொபெட். கொச்சியிலிருந்து போனில் வந்த தகவலை மகன் படித்துச் சொன்னானாம். சோதனையில் ஒன்றும் இல்லை, லோடு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமும் தோப்பு அம்மா கையிலேயே இருக்கட்டும் என்று அவனே சொல்லிவிட்டான்.

அக்கா மஞ்சப்பையிலிருந்து நன்றாகப் பழுத்த ஒரு மாம்பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஊட்டு மரத்துப் பழமில்லீங் தம்பி. தோப்புப் பழம். பேத்திக்கு ஒண்ணு குடுத்துட்டுத்தானுங் இங்க வந்தேன். மோந்து பாருங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பழத்தை எடுத்து, காம்புப் பக்கத்தை மூக்கில் வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி இழுத்தேன். விரல்களில் பால் பிசுபிசுத்தது. தோல் வெதுவெதுப்பாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், ஒன்றும் தெரியவில்லை என்று.

அக்கா பழத்தை என் கையிலிருந்து வாங்கினார். தன் மூக்கருகே கொண்டுபோய், அன்றைக்கு டப்பா மூடியை மோந்தது போலவே, கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். நிதானமாக இன்னொரு முறையும் இழுத்தார்.

"மாம்பழ வாசந்தானுங் தம்பி" என்றார். "வேற ஒண்ணுமில்லீங்க."